நீர்க்கோட்டுக்குக் கீழே

போன மாதம் முழுக்க ஒரு கப்பலுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். மேசைமேல் ஆடும் கடற்போர் விளையாட்டுக்கான மாதிரி, 1:1200 அளவு. 120 மீட்டர் சரக்குக் கப்பல் பத்து சென்டிமீட்டராகச் சுருங்கி உள்ளங்கையில் உட்கார்ந்துகொள்ளும். 'என்னப்பா, ஏகாதிபத்தியத்தைத் திட்டிக்கிட்டே அவன் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறியா?' என்றார் நண்பர். நியாயமான கேள்விதான்.

நான் தீட்டியது 1917ஆம் வருஷத்து 'டாஸில்' கோலம். கறுப்பு, வெள்ளை, நீலப் பட்டைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஜெர்மன் நீர்மூழ்கிகள் எச்சரிக்கையின்றி வணிகக் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கின. ஓவியர் நார்மன் வில்கின்சன் சொன்ன யோசனை விசித்திரமானது: கப்பலை ஒளிக்க முடியாது, அது எந்தத் திசையில் போகிறது என்பதைக் குழப்பலாம். லண்டன் ராயல் அகாடமி கட்டடத்தில் சின்ன மரக் கப்பல்களுக்கு வண்ணம் பூசினார்கள். பூசியவர்களில் பலர் கலைப்பள்ளிப் பெண்கள். அவற்றைச் சுழலும் மேசையில் வைத்துப் பெரிஸ்கோப் வழியாகப் பார்த்து, ஏமாந்தால் அந்தக் கோலம் துறைமுகத்துக்குப் போகும். இப்படி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள். பலன் இருந்ததா என்று 1918இல் கடற்படையே கணக்குப் பார்த்தது, உறுதியாக எதுவும் தேறவில்லை. வில்கின்சனுக்கு மட்டும் பிறகு 2,000 பவுண்டு பரிசு கிடைத்தது.

எதிரியின் கண்ணுக்காகவே கட்டமைக்கப்பட்ட உடல் அது. பெரிஸ்கோப்புக்குத் தெரிவது நீர்க்கோட்டுக்கு மேலே உள்ளது மட்டும். என் மாதிரியும் அப்படித்தான், நீர்க்கோட்டோடு வெட்டப்பட்டு மேசையில் தட்டையாக நிற்கிறது. ஆனால் டார்பிடோ தாக்குவது வெட்டி எறியப்பட்ட அந்தக் கீழ்ப்பகுதியைத்தானே? அங்கே கொதிகலன் முன்னால் கரி அள்ளிப் போட்டவர்கள், பல பிரிட்டிஷ் கப்பல்களில், சில்ஹெட், பஞ்சாப் கிராமங்களிலிருந்து போன லஸ்கர்கள். வெள்ளை மாலுமியின் கூலியில் ஒரு சிறு பங்குதான் அவர்களுக்கு. 1906ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் மாலுமி ஒருவர் தங்கும் இடத்தை 120 கன அடியாக உயர்த்தியது. லஸ்கர்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் வைத்தது. அந்தப் போரில் மாண்ட வங்காள, அசாம் மாலுமிகள் 896 பேருக்குக் கொல்கத்தாவில் 1924இல் ஒரு தூண் நிறுத்தினார்கள்.

பட்டைகள் காய்ந்தபின் தண்ணீர் கலந்த கறுப்பைப் பூசினேன். அது இடுக்குகளில் தேங்கி நிழலாகும். விளிம்புகளில் உலர்ந்த தூரிகையால் வெள்ளை, பிறகு பளபளக்காத வார்னிஷ். கடைசியில் கடல்போல் அலையெழுப்பிய அட்டையில் ஒட்டினேன். பசையும் அலையும் ஒழுங்காகவே சேர்ந்துகொண்டன, சந்து தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே நண்பர் ஆட வந்தார். கொதிகலன் அறையில் அடி விழுந்தால் எங்கள் விதித்தாள் 'வேகம் பாதி' என்கிறது. அவ்வளவுதான். அந்த வரியை எப்படித் திருத்துவது என்று இருவரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.