விஞ்ஞானத்துக்குப் பிந்தி வந்தவர்கள்

எமது கல்லூரியிலிருந்து வைத்தியர்களாக வெளிவந்த சகோதரிகளைப் பற்றி இம்மலரில் வேறு பலர் எழுதுவார்கள். நான் எடுத்துக்கொண்டது அதற்கு முந்திய ஒரு சிறு விடயம். வைத்தியராக விரும்பிய மாணவி எத்தனை வயதில் விஞ்ஞானத்துக்கு வந்து சேர வேண்டியிருந்தது? பிந்தி வந்தவளுக்கு வழி இருந்ததா? இந்த நூறு ஆண்டுகளில் இதற்கான விடை பல தடவை மாறியிருக்கிறது.

கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் ஆரம்பமானது. 1892இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். எமது சங்கம் தோன்றியபோது கதவு திறந்து முப்பது வருடங்களுக்கு மேலாகியிருந்தது. ஆனால் அக்காலப் பெண்கள் பாடசாலைகளின் நேரசூசியை நிரப்பியவை தையலும் மனையியலும் சுகாதாரமும். விஞ்ஞானம் என்றால் பெரும்பாலும் தாவரவியல்தான். பூவும் இலையும் வளவிலேயே கிடைக்கும். இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் ஆய்வுகூடம் வேண்டும், தராசு வேண்டும், அவற்றைப் படித்த ஆசிரியர் வேண்டும். இவை முதலில் போய்ச் சேர்ந்தது ஆண்கள் கல்லூரிகளுக்கு. ஆகையால் மருத்துவம் படிக்க நினைத்த பெண் பதினாறு, பதினேழு வயதில் இன்னொரு கல்லூரிக்குப் போய், பையன்கள் சில வருடங்களாகப் படித்து வந்ததை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ஆய்வுகூடங்கள் வந்த பின்னரும் ஒரு தடை இருந்தது. எட்டாம் வகுப்போடு கலை, விஞ்ஞானம் என்று பிரித்துவிடுவார்கள். விஞ்ஞானப் பிரிவு இல்லாத சிறிய பாடசாலையில் படித்த பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே மருத்துவம் கைநழுவிவிடும். 1972இன் கல்விச் சீர்திருத்தம் இதை மாற்றியது. ஒருங்கிணைந்த விஞ்ஞானம் எல்லோருக்கும் பொதுவான பாடமாயிற்று. பிரிந்து போவது பதினைந்து, பதினாறு வயதுக்குத் தள்ளிப்போயிற்று.

அதே காலத்தில்தான் தரப்படுத்தலும் வந்தது. 1971 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளிகள் தேவைப்பட்டன. சிங்களமொழி மூலத்துக்கு 229. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. எம்மவர் எப்போதும் பேசுவது இதைத்தான், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒருங்கிணைந்த விஞ்ஞானப் புத்தகம், ஆய்வுகூடத்தையே காணாத பாடசாலைகளின் பெண் பிள்ளைகளையும் உயர்தர விஞ்ஞான வகுப்பின் வாசல்வரை கொண்டுவந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. பிறகு 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் தொடங்கியது. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்றதும் பல தகப்பன்மாரின் மனம் இளகியது.

எங்கள் வகுப்பு பிந்தியது வேறு காரணத்தால். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நாங்கள் பத்தாம் வகுப்பு. திரும்பி வந்தபோது ஆய்வுகூடத்தில் மிஞ்சியிருந்தவை சில சோதனைக் குழாய்கள். நியமிப்புப் பரிசோதனையைக் கரும்பலகையில் படித்தோம். நிறம் மாறுவதை ரீச்சர் வாயால் சொன்னார். இரவுப் படிப்பு போத்தல் விளக்கில். 1999இல் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று நான்கு பாடங்களுக்குத் தோற்றினோம். மறுவருடம் முதல் புதிய பாடத்திட்டத்தில் தாவரவியலும் விலங்கியலும் உயிரியலாக ஒன்றுசேர, பாடங்கள் மூன்றாயின.

சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் இடையில் காகிதத்தில் இரண்டரை வருடம் போலத் தெரியும். பெறுபேறு வந்து, வகுப்புத் தொடங்கி, விடுமுறைகளும் கழிந்தால் கையில் நிற்பது இரண்டு வருடத்துக்கும் குறைவு. அடித்தளம் இல்லாமல் வந்த பிள்ளைக்கு எதை முதலில் தொடுவது என்பதே பெரிய கேள்வி. எங்கள் ரீச்சர் முதலில் கையில் எடுத்தது கணிதத்தை. மடக்கையும் திரிகோண கணிதமும் வராமல் பௌதிகவியலில் ஓர் அடி நகர முடியாது. சேதன இரசாயனம் படி படியாக ஏறவேண்டியது. கடைசி மாதங்களில் விழுங்க இயலாது. தாவரவியலையும் விலங்கியலையும் பிந்தியும் வாசித்துப் பிடிக்கலாம், விழித்திருக்கத் தெம்பு இருந்தால். கடைசி ஆறு மாதம் கடந்தகால வினாத்தாள்களுக்கு. இன்றைக்கும் இந்த ஒழுங்கையே நான் சொல்வேன்.

இவற்றையெல்லாம்விட இறுக்கமான கணக்கு ஒன்று வீட்டில் இருந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை பரீட்சை எழுதலாம். அண்ணன்மார் மூன்று தடவையும் எழுதினார்கள். தங்கைக்கு ஒரு தடவை. கிடைக்காவிட்டால் ஆசிரியர் கலாசாலை, அல்லது கலியாணப் பேச்சு. பிந்தித் தொடங்கிய பிள்ளைக்கு முதல் தடவை பெரும்பாலும் பாடத்திட்டத்தை முடிக்கவே போதும். புள்ளி வருவது இரண்டாந்தடவையில். அந்த ஒரு வருடத்தைப் பெற்றுக் கொடுக்கவென்று மாலையில் சைக்கிளில் வீடு வீடாகப் போய், விறாந்தையில் இருந்து தகப்பன்மாரோடு கதைத்த ஆசிரியைகள் எமக்கு இருந்தார்கள். அவர்களில் சிலர் திருமணமே செய்யாதவர்கள். எங்கள் வகுப்பில் இரண்டாந்தடவை எழுதி மருத்துவபீடம் போனவர்கள் எல்லோருக்கும் பின்னால் இப்படி ஒரு விறாந்தைப் பேச்சு உண்டு. மலரின் பட்டியல்களில் இடம்பெறாத சேவை இது.

இப்போது 2001 முதல் வந்த இசற் புள்ளி முறை. மூன்று தடவை என்ற விதி அப்படியே இருக்கிறது. வெளிநாட்டுச் சகோதரிகளின் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. அவுஸ்திரேலியாவில் கலைப் பட்டதாரியும் கம்சாற் எழுதலாம், வருடத்தில் இரு தடவை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இன்ன விஞ்ஞானப் பாடம் படித்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. ஊரிலிருந்தோ தொரன்ரோவிலிருந்தோ, “மகள் பிந்தித்தான் மருத்துவத்துக்கு ஆசைப்படுகிறாள், இனி ஏலுமா அக்கா?” என்று யாராவது தொலைபேசியில் கேட்டால், பிள்ளையின் புள்ளியை நான் முதலில் விசாரிப்பதில்லை. வீட்டில் எத்தனை வருடம் பொறுப்பார்கள் என்றுதான் கேட்கிறேன்.