பச்சை ஒளிர்வின் சாட்சியம்: புறஊதா வெளிச்சத்தில் கண்ணாடிக் கோல்களை ஒப்பிடும் முறையின் வரலாறு

வெளிறிய இரண்டு கண்ணாடிக் கோல்களை இருட்டறையில் வைத்து 365 நானோமீட்டர் புறஊதா விளக்கைக் காட்டினால், இரண்டுமே பச்சையாக ஒளிரக்கூடும். ஒன்றில் யுரேனியம் கலந்திருக்கலாம். மற்றொன்றில், மணலோடு வந்த இரும்பின் பச்சைச் சாயலைப் போக்கப் போட்ட மாங்கனீசு மட்டுமே இருக்கலாம். முன்னது பெரும்பாலும் பிரகாசமாகவும் பின்னது மங்கலாகவும் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பிரகாசம், மங்கல் என்பவை பக்கத்தில் வேறொன்று இருந்தால்தான் பொருள் தரும் சொற்கள். ஒளிரும் கண்ணாடியின் வரலாற்றைக் கண்ணாடியை மட்டும் வைத்து எழுதிவிட முடியாது. எந்த விளக்கு காட்டப்பட்டது, எதோடு ஒப்பிடப்பட்டது என்பதும் அந்த வரலாற்றில் பாதி என்பதே இக்கட்டுரையின் வாதம். விளக்கு மாறிய ஒவ்வொரு முறையும் கண்ணாடியின் வகைப்பாடும் மாறியது. இதைக் கவனிக்காமல், கையடக்க டார்ச்சில் தெரிந்த பச்சையைக் கொண்டே ஒரு பாசிமணியின் காலத்தையும் ஊரையும் சொல்லிவிடும் துணிச்சல் இன்று பரவலாகிவிட்டது. இதற்கு மாற்றான ஒழுங்கைத் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூரு வரை நீளும் தொழில் வட்டாரத்தில் அது இரண்டு வெவ்வேறு வடிவங்களில் உருவாகி நிலைத்திருக்கிறது.

யுரேனியத்தை மார்ட்டின் கிளாப்ரோத் 1789இல் தனிமம் என்று அடையாளம் கண்டார். அதைக் கண்ணாடி வணிகத்தின் நிறமாக்கியவர்கள் பொகீமியாக் கண்ணாடித் தொழிலாளர்கள். 1830களில் பிரான்ஸ் சேவர் ரீடல் தம் மகள் அன்னாவின் பெயரில் அன்னா மஞ்சள், அன்னா பச்சை என்ற இரு வகைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அன்று புறஊதா விளக்கு கிடையாது. பகல் வெளிச்சத்திலேயே விளிம்புகளில் பச்சை படர்ந்து தெரியும் விநோதம்தான் வாங்குபவரை இழுத்தது. அந்தக் குடும்பத்தின் தொழில் பின்னர் வண்ணக் கண்ணாடிக் கோல்களைத் தயாரித்து, காப்லோன்ஸ் வட்டாரத்தில் பாசியும் பொத்தானும் அச்சடிக்கும் குடிசைத் தொழிலாளர்களுக்கு வழங்கும் பெருந்தொழிலாக வளர்ந்தது. காப்லோன்ஸின் பெரிய சந்தைகளில் இந்தியாவும் ஒன்று. அங்கிருந்து பாசியும் வளையலும் கப்பல் கப்பலாக இங்கே வந்திறங்கின. நம் ஊர்களின் மேற்பரப்பில் பொறுக்கப்படும் கண்ணாடிப் பாசிகளில் ஒரு பகுதி இந்த வழியாக வந்தது என்பதை ஆய்வாளர் மறக்கக் கூடாது. சங்க காலத்து வாழ்விட மேட்டின் மேல்மண்ணில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து அறுந்து விழுந்த பொகீமியப் பாசியும் கிடக்கும்.

ஒளிர்வை ஒரு சோதனையாக மாற்றியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். 1852இல் வெளிவந்த அவருடைய நீண்ட ஆய்வுரை, பொருளொன்று உள்வாங்கும் ஒளியைவிட நீண்ட அலைநீளத்தில் ஒளியை வெளியிடுவதை நிறுவியது. அந்த நிகழ்வுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை, ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து ஆக்கியவரும் அவரே. கேனரி கண்ணாடி என்று அன்று வழங்கிய யுரேனியக் கண்ணாடி அவர் சோதித்த பொருள்களில் ஒன்று. அவருடைய முடிவைவிட அவர் கையாண்ட முறை இங்கே முக்கியம். தேவாலயச் சன்னலுக்கான நீலக் கண்ணாடி வழியாகச் சூரிய ஒளியைக் குயினைன் கரைசல் மீது விழவைத்து, வெள்ளை ஒயின் நிரப்பிய கிளாஸ் வழியாக அதைப் பார்த்தார். முதல் வடிகட்டி உள்ளே போகும் ஒளியை வரையறுத்தது. இரண்டாவது வடிகட்டி, பட்டுத் திரும்பும் நீலத்தை விலக்கிப் பொருளின் சொந்த ஒளியை மட்டும் கண்ணுக்கு விட்டது. ஒளிர்வதும் ஒளியைத் திருப்புவதும் வேறு என்பதைக் கண்ணால் பிரித்துக் காட்ட இந்த இரட்டை வடிகட்டியே போதுமானதாக இருந்தது. இன்றைய மலிவான ஊதா டார்ச்சைப் பிடித்துப் பார்ப்பவர் அந்த இரண்டாவது வடிகட்டியை விட்டுவிடுகிறார். 395 நானோமீட்டர் டார்ச்சில் கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறையவே கலந்து வருகிறது. அது கண்ணாடியின் நிறத்தோடு சேர்ந்து இல்லாத ஒளிர்வை உண்டாக்கும். இருக்கும் மங்கலான ஒளிர்வை மறைக்கவும் செய்யும்.

ராபர்ட் உட், நிக்கல் ஆக்சைடு சேர்த்த கருங்கண்ணாடியால் புறஊதாவை மட்டும் வெளியே விடும் வடிகட்டியை உருவாக்கினார். பாதரச விளக்கோடு அது சேர்ந்த பிறகு சோதனை சூரியனை நம்பியிருக்கவில்லை. 1931இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் ஜேம்ஸ் ரோரிமர் கலைப்பொருள்களைப் புறஊதாக் கதிரில் ஆராய்வது பற்றி ஒரு நூலே எழுதினார். வசதி கூடக் கூடக் கேள்வி சுருங்கிப்போனதுதான் இதன் பின்விளைவு. என்ன ஒளி போயிற்று, என்ன ஒளி வந்தது என்று ஸ்டோக்ஸ் கேட்ட இடத்தில், ஒளிர்கிறதா இல்லையா என்பது மட்டும் எஞ்சியது. வேதியியலோ இந்தச் சுருக்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை. மாங்கனீசு ஈரிணைதிறன் நிலையில் இருந்தால் பச்சையாக ஒளிரும். அதே மாங்கனீசு உலையில் ஆக்சிஜன் மிகுந்து மூவிணைதிறன் நிலைக்குப் போனால் கண்ணாடி ஊதா நிறம் கொள்ளும், அந்தப் பச்சை கிடைக்காது. ஒரே கலவை, இரு உலைகள், இரு விடைகள். இரும்பு கூடினால் ஒளிர்வு மங்கும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கோல்களில் நிறத்தைத் தரும் காட்மியம் சல்பைடும் செலினைடும் நுண்படிகங்களாக உறைந்து ஒளிர்பவை. அந்தப் படிகத்தின் பருமனைத் தீர்மானிப்பது கோல் மறுபடி சூடாக்கப்பட்ட விதம். ஈயக் கண்ணாடி 254 நானோமீட்டர் குற்றலைக் கதிரில் காட்டும் வெளிர் நீலத்தை 365இல் அப்படிக் காட்டுவதில்லை. ஆகவே ஒரு கோல் ஒளிர்கிறது என்ற வாக்கியம் முற்றுப்பெறாத வாக்கியம். எந்த அலைநீளத்தில் என்பது சேர்ந்தால்தான் அது முடியும்.

முழு வாக்கியத்தை எழுதுவது எப்படி என்பதற்கு நல்ல முன்மாதிரி, தொடக்கத்தில் சொன்ன ஒழுங்கின் முதல் வடிவம், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சி.வி. ராமனின் ஆய்வகத்தில் கிடைக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி 1940இல் அங்கே சேர்ந்து, முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வை ஒப்பிட்டார். பொருள் கண்ணாடி அல்ல, வைரம். ஆனால் சிக்கல் அதே சிக்கல். புறஊதாவில் சில வைரங்கள் நீலமாகவும் சில பச்சை, மஞ்சள் சாயலிலும் ஒளிர்ந்தன; சில ஒளிரவே இல்லை. கண்ணுக்குத் தெரிந்த நிறத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. நிறமாலையைப் புகைப்படத் தகட்டில் பதிய ஒரு வைரத்துக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் கூட ஒளி காட்ட வேண்டியிருந்தது. நீல ஒளிர்வுக்கு 4152 ஆங்ஸ்ட்ராம் அருகிலும், பச்சை–மஞ்சள் ஒளிர்வுக்கு 5032 ஆங்ஸ்ட்ராம் அருகிலும் தனித்தனிக் கோடுகள் இருப்பது அதில் தெளிவானது. இரண்டும் ஒரே கல்லில் வெவ்வேறு விகிதத்தில் சேரும்போது இடைப்பட்ட நிறங்கள் தோன்றின. கண் ஒரே நிறமாகப் பார்த்ததைத் தகடு இரண்டாகப் பிரித்தது. இதற்குக் காரணம் சொல்லும் இடத்தில் ராமனின் கருத்து நிலைக்கவில்லை: அவர் படிகக் கட்டமைப்பின் சமச்சீரில் விளக்கம் தேடினார்; பெரும்பாலான வைரங்களில் நைட்ரஜன் கலந்திருப்பது 1959இல் தெரியவந்தபின் அந்த ஒளிர்வு மையங்கள் நைட்ரஜனோடு இணைத்து விளக்கப்பட்டன. விளக்கம் சரிந்தும் அன்னா மணியின் கோடுகள் சரியவில்லை. விளக்கும் வெப்பநிலையும் ஒப்பீடும் பதிவாகியிருந்ததால் அந்தத் தரவு அடுத்த தலைமுறைக்கும் பயன்பட்டது. எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கவில்லை. அறிவியல் நிர்வாகம் எதை ஒப்பிட்டு எதை அளந்தது என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

இரண்டாவது வடிவம் ஆய்வகத்துக்கு வெளியே, தொழிற்சாலைக் கூடத்தில் உருவானது. உலோகத்தின் நுண்விரிசல்களில் ஒளிரும் திரவத்தையோ காந்தத் துகளையோ ஏற்றிப் புறஊதாவில் பார்க்கும் முறை 1930களின் இறுதியிலிருந்து அமெரிக்காவில் வளர்ந்து, போர்க்கால விமானத் தொழிலின் வழியாக உலகெங்கும் பரவியது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் ஓசூரில் கால்பதித்த பிறகு பெருகிய வாகன உதிரிபாகத் தொழிலில், கிராங்க் ஷாஃப்ட் போன்ற பாகங்களுக்குக் கிராக் டெஸ்ட் என்பது பழகிய சொல். இந்தச் சோதனையின் தரநிலைகள் எவ்வளவு கறாரானவை என்று பாருங்கள். 365 நானோமீட்டர் விளக்கிலிருந்து 38 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 1000 மைக்ரோவாட் செறிவு வேண்டும். சுற்றுவெளிச்சம் 20 லக்ஸைத் தாண்டக் கூடாது. இருட்டுக்குக் கண் பழக நேரம் கொடுக்க வேண்டும். வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாறும் மூக்குக் கண்ணாடி கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்த விரிசல் உள்ள ஒரு மாஸ்டர் பீஸில் அன்றைக்கு விரிசல் தெரிகிறதா என்று பார்த்த பிறகே வேலை தொடங்கும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஷிஃப்டுக்குப் போகும் ஒரு தரச்சோதனைப் பணியாளருக்கு அன்றாடப் பாடமாக இருக்கும் இந்த ஒழுங்கு, கண்ணாடிக் கோலையும் பாசியையும் புறஊதாவில் பார்த்து எழுதப்படும் குறிப்புகளில் அரிதாகவே காணப்படுகிறது. விரிசலுக்குக் காட்டும் அக்கறையை வரலாற்றுக்கும் காட்டலாம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியும் லேசர் நிறைமாலைப் பகுப்பாய்வும் இருக்கும் காலத்தில் விளக்கைப் பிடித்துக் கோல்களை ஒப்பிடுவது எதற்கு? தனிமங்களை நேரடியாக எண்ணிச் சொல்லும் கருவி இருக்கையில் நிறத்தைப் பற்றிய வாதம் வீண் அல்லவா? இதற்குப் பதில் எண்ணிக்கையில் இருக்கிறது. 1945இல் வீலர் அகழ்ந்த காலம் முதல் அரிக்கமேடு, இழுத்த கண்ணாடிக் குழாய்களையும் அவற்றை நறுக்கிச் செய்த மணிகளையும் கழிவுகளையும் கொடுத்துக்கொண்டே இருந்தது. கா. ராஜன் 2009, 2010 ஆண்டுகளில் அகழ்ந்த பொருந்தலிலும் கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. இவ்வளவையும் பகுப்பாய்வுக்கு அனுப்ப எந்தத் துறையின் பட்ஜெட்டும் இடம் தராது. ஒரு சிறு மாதிரியைத்தான் அனுப்ப முடியும். எதை அனுப்புவது என்று தேர்வதற்குத்தான் விளக்கு. நிறமும் வடிவமும் மட்டும் பார்த்துத் தேர்ந்தால், ஒரே மாதிரி தெரியும் இரு வேறு கலவைகளில் ஒன்று முழுவதுமாக விடுபட்டுப்போகலாம். விளக்கு இறுதித் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. யாரை விசாரணைக்கு அழைப்பது என்று சொன்னால் போதும்.

பகுப்பாய்வுக் கருவியும் எல்லா வழக்கையும் முடித்துவிடுவதில்லை. நேப்பிள்ஸ் அருகே பொசிலிப்போவின் ரோமானிய மாளிகையில் ஆர்.டி. குந்தர் கண்டெடுத்த மஞ்சள்–பச்சை மொசைக் கண்ணாடியில் ஒரு சதவீதத்துக்கும் மேல் யுரேனிய ஆக்சைடு இருப்பதாக 1912ஐ ஒட்டி ஆக்ஸ்போர்டில் சோதித்துச் சொன்னார்கள். இயர்ல் கேலி 1948இல் அதை யுரேனியம் கலந்த பொருளின் மிகப் பழைய பயன்பாடாக விவாதித்தார். ரோமானியர் அறிந்தே சேர்த்ததா, அந்தத் துண்டு அந்த இடத்துக்கும் காலத்துக்கும் உரியதுதானா என்ற ஐயம் இன்றுவரை தீரவில்லை. எண் துல்லியமாக இருந்தும் சூழல் கைவிட்டால் இதுதான் நிலை. நம் பழங்கண்ணாடிக்கு இது நேரடியாகப் பொருந்தும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாகக் கிடைக்கும் அலுமினா மிகுந்த சோடாக் கண்ணாடியை லோர் துசுபியூ உள்ளிட்ட ஆய்வாளர்கள் யுரேனியம், பேரியம் போன்ற சுவடுத் தனிமங்களின் அளவைக் கொண்டே உட்பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த யுரேனியம் மணலோடு வந்தது. பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று எண்ணும் அளவு. பொகீமியக் கண்ணாடியில் வேண்டுமென்றே சேர்த்ததோ சதவீதக் கணக்கில் வரும். பட்டியலில் யுரேனியம் என்ற சொல்லைப் பார்த்ததும் இரண்டையும் ஒன்றாக்குவது, டார்ச்சில் பச்சையைப் பார்த்ததும் யுரேனியம் என்பதற்கு எந்த விதத்திலும் குறையாத பிழை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: இரும்பும் செம்பும் மிகுந்த பழந்தமிழகக் கண்ணாடி பெரும்பாலும் ஒளிரவே ஒளிராது, அப்படியானால் இந்த முறை இங்கே எதற்கு உதவும்? பாதி ஒப்புக்கொள்ள வேண்டிய மறுப்பு இது. செம்பு ஏறிய செங்காவி மணிகளையோ கருங்கண்ணாடியையோ விளக்கு பிரித்துக் காட்டும் என்று எதிர்பார்ப்பது வீண். ஆனால் ஒளிராமையும் ஒரு தரவு. மேற்பரப்புச் சேகரிப்பில் நூறு மணிகள் இருண்டு கிடக்க ஒன்றிரண்டு மட்டும் பளீரென ஒளிர்ந்தால், அவை பிந்தைய இறக்குமதியாக இருக்கும் வாய்ப்பை முதலில் சோதிக்க வேண்டும். பச்சையானால் யுரேனியமா மாங்கனீசா என்று பார்க்கலாம்: யுரேனியம் 365, 395 இரண்டிலும் தெளிவாக நிற்கும், மாங்கனீசு பெரும்பாலும் 395இல் தளர்ந்துவிடும். ஐயம் தீராவிட்டால் நிறமாலை தீர்க்கும். யுரேனியத்தின் ஒளி படிப்படியான பட்டைகளாகப் பிரிந்து தெரியும், மாங்கனீசின் ஒளி ஒரே அகன்ற மேடாக இருக்கும். மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒளிரும் காட்மியக் கண்ணாடி தொல்காலத்துக்கு உரியதாக இருக்க முடியாது, ஏனெனில் காட்மியமே 1817இல்தான் கண்டறியப்பட்டது.

இதற்குத் தேவையான கருவிகள் அதிகம் இல்லை. கலவை தெரிந்த ஐந்தாறு கோல்கள் போதும்: யுரேனியம் சேர்த்தது, ஈரிணைதிறன் மாங்கனீசு உள்ளது, காட்மியம் செலினியம் கொண்டது, ஈயக் கண்ணாடி, இரும்பு மிகுந்து ஒளிராதது. ஒவ்வொரு மணியும் இவற்றின் அருகிலேயே, 254, 365, 395 என்ற மூன்று அலைநீளங்களில், அளந்த தூரத்தில், பட்டுத் திரும்பும் ஒளியை மட்டும் விலக்கும் வடிகட்டி வழியாக, ஒரே கேமரா அமைப்பில் பதிவாக வேண்டும். படத்தில் ஒப்புக் கோல்கள் தெரியாவிட்டால் அந்தப் படத்தை ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது. கோல்களும் காலப்போக்கில் கீறலும் அழுக்கும் ஏறி மங்கும் என்பதால், ஓசூர்க் கூடங்களில் மாஸ்டர் பீஸுக்குச் செய்வதுபோல் அவற்றையும் குறித்த இடைவெளியில் சரிபார்த்துத் தேதியிட்டு வைக்க வேண்டியிருக்கும்.