ஆசிரியரும் மீண்டும் மாணவராக

வைத்தியத் தொழிலில் இருப்பவர்களுக்குப் படிப்பு பட்டத்தோடு முடிவதில்லை. புதிய மருந்தும் புதிய சிகிச்சைமுறையும் வரும்போதெல்லாம் நாம் மீண்டும் வகுப்பில் அமர்கிறோம். வரலாறு கற்பிக்கும் ஆசிரியருக்கும் இத்தகைய வாய்ப்பு வேண்டும். அதை உணர்த்தும் அமெரிக்க முயற்சி ஒன்றை இந்த நூற்றாண்டு மலரில் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் யப்பானுடன் மோதியது. 1950இல் தொடங்கிய கொரியப் போரில் வடகொரிய, சீனப் படைகளை எதிர்த்தது. அந்நாடுகளை அறியவேண்டிய தேவை அதற்கு எழுந்தது. 1958ஆம் ஆண்டின் தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் கீழ், அயல்மொழிகளையும் அயற்பிரதேசங்களையும் கற்பிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நிதி கிடைத்தது. ஆனால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அறிவு பாடசாலைக்குத் தானாக வந்துவிடாது. ஐரோப்பிய வரலாற்றையே பெரிதும் படித்துவந்த ஆசிரியர், கிழக்காசியா பற்றிய அத்தியாயத்தைப் பாடநூலில் உள்ளபடி வாசித்துவிட்டு நகர்வது இயல்பே.

இந்த இடைவெளியை நிரப்ப 1998இல் ஆசியா பற்றிக் கற்பிப்பதற்கான தேசியக் கூட்டமைப்பு உருவானது. ஃப்ரீமன் மன்றம் நிதி வழங்கியது. கொலம்பியா, இந்தியானா, வாஷிங்டன், கொலராடோ ஆகிய பல்கலைக்கழகங்கள் உள்ளிட்ட நிலையங்கள் பொறுப்பேற்றன. ஆசிரியர்கள் சுமார் 30 மணித்தியாலக் கருத்தரங்கில் பங்குபற்றினர். சீனா, யப்பான், கொரியா பற்றிய நூல்களை வாசித்தனர். துறை அறிஞர்களுடன் கலந்துரையாடினர். தம் வகுப்புக்கேற்ற பாடத்திட்டங்களைத் தயாரித்தனர். சிலர் அந்நாடுகளுக்குக் கல்விச் சுற்றுலாவும் சென்றனர்.

ஆசிரியர் மேலதிகமாக அறியும் ஒரு செய்தி பாடத்தையே மாற்றிவிடும். ஹிரோஷிமா என்றதும் காகிதக் கொக்கு மடித்த சடாகோவின் கதை நினைவுக்கு வரும். அணுகுண்டு விழுந்தபோது இரண்டு வயதாயிருந்த அச்சிறுமி, 1955இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அதே நகரில் கொரியர்களும் பெருந்தொகையாக மாண்டனர். அவர்களுக்கான நினைவுச்சின்னம் 1970இல் சமாதானப் பூங்காவுக்கு வெளியே எழுப்பப்பட்டு, 1999இலேயே உள்ளே கொண்டுவரப்பட்டது. இதை அறிந்த ஆசிரியர், யப்பானின் காலனித்துவ ஆட்சியில் இருந்த கொரியர்கள் அங்கு எப்படி வந்தார்கள் என்ற கேள்வியையும் மாணவர் முன் வைப்பார்.

கிழக்காசிய வரலாறு எமக்கும் அந்நியமானதல்ல. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. மிங் பேரரசின் தளபதி செங் ஹ கொண்டுவந்த அக்கல் 1409ஆம் ஆண்டுத் திகதி கொண்டது. அதில் சீனமொழி புத்தரையும், தமிழ் தெனாவரை நாயனாரையும், பாரசீகம் அல்லாஹ்வையும் போற்றுகின்றன. காணிக்கை செலுத்திய அதே தளபதியின் படை, சில ஆண்டுகளுக்குள் இலங்கையின் ஆட்சியாளர் ஒருவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றது. தமிழ்ப் பகுதியை மட்டும் அறிந்த ஆசிரியரால் இந்தக் கதையின் ஒரு பங்கைத்தான் சொல்ல முடியும்.

பழைய மாணவிகள் எங்கிருந்தாலும் பாடசாலைக் கட்டடங்களுக்கு மனமுவந்து கொடுக்கிறோம். அக்கட்டடத்தினுள் நின்று கற்பிக்கும் ஆசிரியைக்கு 30 மணித்தியாலம் படிக்கவும், சில நல்ல நூல்களை வாங்கவும் கைகொடுத்தால், அந்த உதவி அவரிடம் படிக்கும் ஒவ்வொரு வகுப்புக்கும் போய்ச் சேரும். அடுத்த நூற்றாண்டை அங்கிருந்து தொடங்குவோமே.