நோயிலிருந்து நொதிக்கு: கௌடன் நோய்க்குறியும் பிடென் ஆய்வின் வரலாறும்

முன்னுரை

புற்றுநோய் உயிரியல் பாடநூல்கள் பிடென் என்னும் நொதியை அறிமுகப்படுத்தும் வரிசை ஏறத்தாழ ஒன்றே. முதலில் மரபணு, அடுத்து அது உருவாக்கும் நொதி, பின்னர் அந்நொதியின் பணி, இறுதியில் மரபணு பழுதுபட்டால் தோன்றும் பரம்பரை நோய். கற்பித்தலுக்கு இவ்வரிசை வசதியானது. ஆனால் நிகழ்வுகள் இவ்வரிசையில் நடக்கவில்லை. பிடென் எப்பொருளின்மீது செயல்படுகிறது, அச்செயல்களுள் எது இழக்கப்படும்போது நோய் தோன்றுகிறது என்ற வினாக்களுள் இரண்டாவதற்கு விடையளித்தது, பரம்பரை நோயுற்ற இரு குடும்பங்களில் காணப்பட்ட ஒற்றை அமினோ அமில மாற்றம். அங்கு நோய் விளக்கப்பட வேண்டிய பொருளாக மட்டும் நிற்கவில்லை, விளக்கும் கருவியாகவும் நின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நோயும் அதன் பெயரும்

1963இல் லாய்ட், டென்னிஸ் ஆகிய இரு மருத்துவர்கள் தோல், வாய், தைராய்டு, மார்பகம் எனப் பல உறுப்புகளில் ஒருசேரக் கட்டிகள் தோன்றிய ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். புதிய நோய்க்கு அதை விவரித்த மருத்துவரின் பெயர் வழங்குவதே பெரும்பான்மை மரபு. அவர்கள் நோயாளியின் குடும்பப்பெயரையே இட்டனர். ஒரு குடும்பத்தின் பெயர் இவ்வாறு நிலையாக ஒரு நோயின்மீது ஏறிவிடுவதன் அறம் தனி விவாதத்திற்குரியது. எனினும், நோய் ஒருவருடையதன்று, குடும்பத்தினுடையது என்ற உணர்வு அப்பெயரிலேயே பதிந்திருப்பதைக் கவனிக்கலாம்.

1972இல் வியரியும் உடனாய்வாளர்களும் மேலும் ஐந்து நோயாளிகளைச் சேர்த்து இதனைப் ‘பல்ஹாமர்டோமா நோய்க்குறி’ என அழைத்தனர். ஹாமர்டோமா என்பது அவ்வுறுப்புக்கு உரிய இயல்பான திசுவே, ஒழுங்கின்றித் திரண்டு வளர்வது. அது புற்றுநோய் அன்று. ஆனால் இக்குடும்பங்களில் மார்பகம், தைராய்டு, கருப்பை உட்சுவர் ஆகியவற்றில் புற்றுநோயும் தோன்றியது. பெற்றோருள் ஒருவருக்கு இந்நோய் இருப்பின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி.

இதே காலத்தில், 1971இல், நட்சன் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்து ‘இரு அடி’க் கருதுகோளை முன்வைத்தார். பரம்பரையாக ஒரு பழுதுடன் பிறப்பவருக்கு இன்னும் ஓர் அடி போதும். மற்றவர்க்கு இரண்டும் வாழ்நாளில் நேர வேண்டும். 1986இல் விழித்திரைப் புற்றுநோய் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அது உருவாக்கும் புரதம் நொதி அன்று. பிற மரபணுக்கள் இயங்குவதைத் தடுத்து நிறுத்தும் புரதம். கட்டி ஒடுக்கி என்றாலே இத்தகைய தடைப்புரதம்தான் என்ற படிமம் அக்காலத்தில் வலுவாக இருந்தது. ‘கட்டி ஒடுக்கி’ என்ற தமிழ்ச் சொல்லாட்சியும், அதற்கு மூலமான சொல்லைப் போலவே, சற்றுத் தவறான எண்ணம் தருவது. இம்மரபணுக்கள் கட்டியை எதிர்பார்த்துக் காத்திருப்பவை அல்ல. அவை உயிரணுவின் அன்றாட வேலையைச் செய்பவை. அவ்வேலை நின்றபோதுதான் கட்டி தோன்றுகிறது.

மூன்று பெயர்கள், ஒரு மரபணு

1996இல் நெலன் குழுவினர் கௌடன் நோய்க்குரிய மரபணு 10ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் உள்ளது எனக் குடும்ப ஆய்வுகளின்வழிக் கண்டனர். இதற்குத் தொடர்பின்றி, மூளைக் கட்டிகளை ஆராய்ந்தோர் அக்குரோமோசோமின் ஒரு பகுதி கட்டி உயிரணுக்களில் அடிக்கடி இழக்கப்படுவதைக் கண்டிருந்தனர். 1997இல் மூன்று குழுக்கள் ஒரே மரபணுவை வந்தடைந்தன. பார்சன்ஸ் குழுவினர் அதற்குப் பிடென் எனப் பெயரிட்டனர். பாஸ்பட்டேஸ் நொதிகளையும் டென்சின் என்னும் புரதத்தையும் ஒத்த வரிசை உடையது, 10ஆம் குரோமோசோமில் நீக்கமுறுவது என்பது அதன் விரிவு. ஸ்டெக் குழுவினர் ‘முற்றிய பல புற்றுநோய்களில் திடீர்மாற்றமுற்றது’ என்ற பொருளில் எம்எம்ஏசி1 என்றனர். லீ, சன் ஆகிய இருவரும் கட்டிகளைத் தேடிச் செல்லவில்லை, புதிய பாஸ்பட்டேஸ்களைத் தேடிச் சென்று அதே மரபணுவைக் கண்டு டெப்1 என்றனர். ஒவ்வொரு பெயரிலும் அதைக் கண்டவர் வந்த வழி தெரிகிறது. அதே ஆண்டிலேயே லியாவ் குழுவினர், ஆராய்ந்த ஐந்து கௌடன் குடும்பங்களுள் நான்கில் இம்மரபணுவின் திடீர்மாற்றம் பிறவியிலிருந்தே உள்ளது எனக் காட்டினர். குடும்பங்களின் வழியும் கட்டிகளின் வழியும் அங்குச் சந்தித்தன.

எதிர்பார்ப்பும் முரணும்

மரபணு கிடைத்தது, நொதியின் பணி கிடைக்கவில்லை. ஏன் என்பதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1980இல் ஹன்டர், செஃப்டன் ஆகியோர், கோழிகளில் கட்டி உண்டாக்கும் வைரசின் சார்க் புரதம் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ் எனக் காட்டினர். ஏற்றுவது புற்றுநோயைத் தூண்டுமானால் இறக்குவது ஒடுக்க வேண்டும் என்பது இயல்பான ஊகம். 1988இல் டாங்க்ஸ் குழுவினர் டைரோசினிலிருந்து பாஸ்பேட்டை இறக்கும் நொதியொன்றைத் தூய்மைப்படுத்திப் பிரித்தபின் அவ்வூகம் உறுதிபெற்றது. ஏறத்தாழப் பத்தாண்டுகளாக எதிர்பார்க்கப்பட்ட நொதியே பிடென் வடிவில் வந்துவிட்டது எனப் பலர் கருதியதில் வியப்பில்லை. ஆகவே அது எந்தப் புரதத்திலிருந்து பாஸ்பேட்டை இறக்குகிறது என்பதே முதல் தேடலாயிற்று.

1997இல் மையர்சும் டாங்க்சும் உள்ளிட்ட குழுவினர் பிடெனைச் சோதித்தனர். அது புரதங்களில் டைரோசின், செரின், திரியோனின் மூன்றிலிருந்தும் பாஸ்பேட்டை இறக்கியது. ஆனால் மிகுந்த அமிலத்தன்மையுள்ள சேர்மங்களையே அது நாடியது. பின்னோக்கிப் பார்க்கையில் விடைக்கான குறிப்பு இங்கேயே இருந்தது எனலாம். எதிர்மின்னேற்றம் மிகுந்த, புரதம் அல்லாத ஒரு பொருள் அதன் உண்மையான இலக்காக இருக்கக்கூடும் அல்லவா? 1998இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாயேஹாமாவும் டிக்சனும் அப்பொருளைக் காட்டினர். அது உயிரணுச் சவ்விலுள்ள பிஐபி3 என்னும் கொழுப்பு மூலக்கூறு. அதன் இனோசிட்டால் வளையத்தின் 3ஆம் இடத்திலுள்ள பாஸ்பேட்டைப் பிடென் நீக்கியது. கேன்ட்லி குழுவினர் 1980களில் கண்டறிந்த கைனேஸ் அதே 3ஆம் இடத்தில்தான் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பிஐபி3 சவ்வில் பெருகும்போது ஏகேடி என்னும் கைனேஸ் அங்கு ஈர்க்கப்பட்டுச் செயலூக்கம் பெறுகிறது. உயிரணு வளர்கிறது, பெருகுகிறது, இறக்க வேண்டிய வேளையிலும் இறக்காதிருக்கிறது. பிடென் அந்த ஊக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நொதி.

இரு குடும்பங்களின் சான்று

இக்கண்டுபிடிப்புடன் கதை முடிந்ததாகவே பல மேற்கோள் நூல்கள் எழுதுகின்றன. என் கருத்தில் முதன்மையான வினா அப்போதுதான் எழுந்தது. பிடெனுக்கு இரு திறன்கள் இருந்தன. ஒன்று புரதத்தின்மீது, மற்றொன்று கொழுப்பின்மீது. சோதனைக்குழாயில் செய்யக்கூடியவை எல்லாம் உடலில் பொருட்டுள்ளவை ஆகிவிடா. நொதியின் வினை மையத்திலுள்ள 124ஆம் சிஸ்டீனை மாற்றினால் இரண்டு திறன்களும் ஒன்றாக அழிகின்றன. எது இழந்ததால் நோய் வந்தது என்பதை அதைக் கொண்டு அறிய இயலாது.

இரண்டையும் பிரித்துக் காட்டும் மாற்றம் ஆய்வகத்தில் திட்டமிட்டு உருவாக்கப்பட்டதன்று. கௌடன் நோயுற்ற இரு குடும்பங்களில் 129ஆம் இடத்துக் கிளைசின் குளுட்டாமிக் அமிலமாக மாறியிருந்தது. இம்மாற்றமுற்ற நொதியை மையர்ஸ் குழுவினர் 1998இல் சோதித்தபோது அது புரதங்களிலிருந்து பாஸ்பேட்டை இறக்கிக்கொண்டே இருந்தது. பிஐபி3இன்மீதான திறனை மட்டும் இழந்திருந்தது. அக்குடும்பத்தினரோ நோயுற்றே இருந்தனர். ஆகவே கொழுப்பின்மீதான திறனின் இழப்பே நோய்க்குப் போதுமானது. மறுஆண்டு வெளிவந்த படிக அமைப்பு இதற்கு வடிவவியல் விளக்கம் தந்தது. பிடெனின் வினைப் பள்ளம், புரதங்களின்மீது செயல்படும் உறவு நொதிகளின் பள்ளத்தைவிட அகன்றது. பருத்த இனோசிட்டால் தலைப்பகுதி அதில் அடங்குகிறது.

இச்சான்றின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ‘போதுமானது’ என்பது ‘அது மட்டுமே’ என்பதாகாது. புரதத்தின்மீதான திறனுக்கு உடலில் வேறு பணிகள் இல்லை என்று 129ஆம் இடத்து மாற்றம் காட்டவில்லை. உட்கருவில் பிடென் ஆற்றும் பணிகள் பற்றிய ஆய்வுகள் பின்னர் வந்தன. எனினும், நோயின் காரணம் எது என்ற வினாவுக்கு இவ்வளவு தெளிவாக விடை சொன்ன பிறிதொரு சோதனை அவ்வாண்டுகளில் இல்லை. ஆய்வுரையில் அவர்கள் ‘இரு குடும்பங்கள்’ என்ற ஒரு சொற்றொடராக மட்டுமே வருகின்றனர்.

அளவு என்னும் சிக்கல்

நட்சனின் இரு அடிக் கணக்கும் பிடெனில் முழுமையாகப் பொருந்தவில்லை. 2010இல் அலிமான்டி குழுவினர் பிடென் அளவு இயல்பில் 80 விழுக்காடாகக் குறைந்த எலிகளை உருவாக்கினர். அவற்றிலும் கட்டிகள் தோன்றின, மார்பகக் கட்டிகள் மிகுதியாக. ஆராய்ந்த மார்பகக் கட்டிகளில் மரபணுவின் இரு படிகளும் சிதையாமலே இருந்தன. இரண்டாம் அடி விழவே இல்லை. விழித்திரைப் புற்றுநோயின் புரதம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் போதும் என எண்ணப்பட்டது. பிடெனிடம் எவ்வளவு இருக்கிறது என்றும் கேட்க வேண்டியுள்ளது.

மனிதரிடத்து ஆபத்தை அளவிடுவது இன்னும் கடினம். பிடென் திடீர்மாற்றமுடைய பெண்களுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 85 விழுக்காடு என 2012இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. மார்பகங்களை முன்கூட்டியே அகற்றிக்கொள்வதா என்று ஒரு பெண் முடிவெடுக்கும் இடத்தில் இவ்வெண் வந்து நிற்கிறது. ஆனால் இத்தகைய ஆய்வுகளில் இடம்பெறுவோருள் பலர் நோயின் அறிகுறிகளால்தான் மரபணுச் சோதனைக்கு வந்தவர்கள். மாற்றத்தைச் சுமந்தும் நலமாக இருப்பவர் கணக்கில் விடுபடுவதால் ஆபத்து உள்ளதைவிட மிகுதியாகத் தோன்ற இடமுண்டு. 1999இல் நெதர்லாந்து மக்களைக் கொண்டு இந்நோய் 2,00,000 முதல் 2,50,000 பேருக்கு ஒருவர் என மதிப்பிடப்பட்டதும் அறியப்பட்ட நோயாளிகளை வைத்தே.

1998இன் விடை இன்று மருத்துவத் தீர்ப்புக்கான அளவுகோலாகவும் மாறியுள்ளது. 2018இல் மைகெல் குழுவினர் மனிதக் கைனேஸைச் சுமந்த ஈஸ்ட்டைப் பயன்படுத்தினர். பிஐபி3 மிகுந்தால் அந்த ஈஸ்ட் வளராது. செயல்படும் பிடென் உடனிருந்தால் வளரும். இம்முறையில் 7,244 ஒற்றை அமினோ அமில மாற்றங்கள் கொழுப்பின்மீதான திறனுக்காகச் சோதிக்கப்பட்டன. அதே ஆண்டில் மாட்ரெயெக் குழுவினர் வேறொரு வினாவைக் கேட்டனர்: மாற்றமுற்ற புரதம் உயிரணுவில் எவ்வளவு எஞ்சுகிறது? திறன் குன்றாமல் அளவு மட்டும் குன்றும் மாற்றங்களும் உள்ளன. அலிமான்டியின் எலிகளை நினைவிற்கொண்டால் அவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஆய்வக அறிக்கையில் ‘பொருள் உறுதிப்படாத மாற்றம்’ என்ற வரியைப் பெறும் ஒருவருக்கு இவ்விரு சோதனைகளும் ஒரே விடையைத் தரும் என்ற உறுதி இல்லை.