கூலியில்லாத் தொண்டும் பொதுப் பணமும்

தண்டவாளமே இல்லாத தீவில் குடியிருக்கும் இரயில்வே எழுத்தன் ஒருவன் கணிப்பொறி வரலாறு எழுதப் புகுந்தது ஏன் என்று சிலர் வினவக்கூடும். காரணம் ஒரு பழைய மனவருத்தமே.

முன்பு நான் பணி செய்த ஊரில் ஒரு தமிழ்ச் சங்கத்திற்குப் பொருளாளனாக இருந்தேன். அங்கு ஞாயிறுதோறும் ஐவர் ஊதியமின்றிக் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பித்து வந்தனர். ஓராண்டு தேர்வு நெருங்கியும் பாடம் முடியவில்லை. ஆகவே அவர்களுள் ஓர் அம்மையாருக்கு மட்டும் மூன்று மாதம் சன்மானம் அளித்துக் கூடுதல் வகுப்பு நடத்தச் செயற்குழு தீர்மானித்தது. வவுச்சர் எழுதியவன் நான். அடுத்த மாதமே மற்ற நால்வருள் இருவர் வருவதை நிறுத்திக்கொண்டனர். சண்டையில்லை, சச்சரவில்லை, வரவில்லை, அவ்வளவே.

நாங்கள் செய்தது பிழையோ என்ற ஐயம் பல்லாண்டு என்னை விடவில்லை. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி நம் தீவை எட்டிய பின்னர், டெய்ரி ஃபார்ம் வீட்டில் அமர்ந்தபடியே பலவற்றைப் படிக்க வாய்த்தது. அவற்றுள் ஒன்று டெபியன் என்னும் தொண்டர் கூட்டத்தின் வரலாறு. எங்கள் சிறு சங்கத்தில் நடந்தது அங்கே பெரிய அளவில் நடந்திருக்கக் கண்டேன்.

டெபியன் என்பது கணிப்பொறியை இயக்கும் ஒரு மென்பொருள் தொகுதி. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளை ஊரிலுள்ள உறவினர் இல்லங்களில் நம்மில் பலர் கண்டிருப்போம். அவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்ற தொகுதியும் வந்தது. அதைச் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கியது டெபியனை அடித்தளமாகக் கொண்டே. டெபியன் கட்டற்ற மென்பொருள்; எவரும் எடுத்துத் திருத்திப் பிறர்க்கு வழங்கலாம், அனுமதி கேட்க வேண்டுவதில்லை.

இதனை 1993 ஆகஸ்ட் 16ஆம் நாள் தொடங்கியவர் இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர். தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து டெபியன் என்று பெயரிட்டார். 1994 நவம்பர் முதல் ஓராண்டுக் காலம் ரிச்சர்டு ஸ்டால்மன் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை பொருளுதவி செய்தது. பின்பு அதுவும் நின்றது. பல நாடுகளில் சிதறியிருந்த தொண்டர்கள் தம் ஓய்வு நேரத்தில் பணியைத் தொடர்ந்தனர்.

ஆனால் உழைப்பு இலவசமாயினும் இயந்திரத்திற்கும் மின்சாரத்திற்கும் பணம் வேண்டுமன்றோ? அதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1997இல் நியூயார்க்கில் ஒரு தனி அமைப்பைப் பதிவு செய்து, நன்கொடைகளை அதன் பொறுப்பில் வைத்தனர். பணப்பெட்டி ஓரிடம், ஆட்சி வேறிடம். 1998 டிசம்பரில் ஓர் அரசியலமைப்புச் சட்டமும் இயற்றிக்கொண்டனர். அதன்படி தலைவரை உறுப்பினர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுப்பர். எனினும் எவரையும் வேலை செய்யும்படி கட்டாயப்படுத்த அச்சட்டத்தில் இடமில்லை. தீர்மானங்களுக்கு வாக்களிக்கையில் ‘மேலும் விவாதிப்போம்’ என்பதும் 2022 வரை ஒரு தெரிவாக நின்றது. நம் பொதுக்குழுக்களில் இதற்கு இடமளித்தால் ஆண்டுதோறும் அதுவே வெற்றி பெறும் என அஞ்சுகிறேன்!

நிற்க. 2006இல் வந்தது சோதனை. புதிய பதிப்பை டிசம்பர் 4ஆம் நாள் வெளியிடுவதாகத் திட்டம். முந்தைய பதிப்பு மிகவும் தாமதமாக வந்து அவப்பெயர் தந்திருந்தது. எனவே அவ்வாண்டின் தலைவர் அந்தோணி டவுன்ஸ், வேறு சிலருடன் கூடி, வெளியே நன்கொடை திரட்டி, வெளியீட்டு மேலாளர் இருவருக்கு ஆளுக்கொரு மாத ஊதியம் அளித்து முழுநேரம் உழைக்கச் செய்ய முற்பட்டார். நன்கொடை சேர்ந்தது, மனங்கள் பிரிந்தன. “எங்கள் உழைப்புக்கு மதிப்பில்லையா? இருவரை மட்டும் பொறுக்கியவர் யார்?” என்று கேட்டோர் பலர். சிலர் பணியைக் குறைத்துக்கொண்டதாக வெளிப்படையாகவே அறிவித்தனர். தலைவரை நீக்கும் தீர்மானம் வாக்கெடுப்பு வரை சென்று தோற்றது. பதிப்பு வெளிவந்ததோ 2007 ஏப்ரல் 8ஆம் நாள்! நான்கு மாதத் தாமதத்திற்கு ஊதியப் பூசல் மட்டுமே காரணம் எனல் நேர்மையாகாது; ஆயினும் விரைவுபடுத்தக் கொடுத்த பணம் விரைவைத் தரவில்லை.

அப்படியானால் எவர்க்கும் ஊதியம் தராதிருப்பதே நன்றோ? அன்று. 2014 ஏப்ரலில், உலகின் வங்கிகளும் அஞ்சல்களும் நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்னும் காப்பு மென்பொருளில் பெரும் ஓட்டை வெளிப்பட்டது. அதனை எண்ணற்ற நிறுவனங்கள் பயன்படுத்தியிருக்க, அதற்கு ஆண்டொன்றுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் என்று அப்போதுதான் உலகம் அறிந்தது. பேணியவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

அதே 2014இல் டெபியன் மீண்டும் ஊதியத்தைக் கையாண்டது. இம்முறை பூசல் எழவில்லை. பழைய பதிப்புகளைப் பழுதுபார்ப்பது எத்தொண்டரும் விரும்பாத வறட்டு வேலை. அதற்கு நிறுவனங்கள் வெளியிலுள்ள ஓர் அமைப்பிடம் பணம் செலுத்துகின்றன. முன்வந்து உழைக்கும் உறுப்பினர் மணிக்கணக்கில் ஊதியம் பெறுகின்றனர். என் சிற்றறிவுக்கு எட்டியவரை, 2006இல் பிழை பணத்தில் இல்லை. வாக்குப் பெற்ற தலைவரே வெளியே பணம் வழங்கும் கூட்டத்திலும் நின்றதும், ஆளைத் தேர்ந்த முறையை முன்கூட்டியே யாவர்க்கும் சொல்லாததுமே பிழை. நாங்களும் மூடிய கதவுக்குள்தானே தீர்மானித்தோம்!

2023 செப்டம்பரில் டெபியன் தொண்டர்களின் ஆண்டு மாநாடு கொச்சியில் நடைபெற்றது.

நான் விட்டுவந்த அச்சங்கத்தின் கணக்குக் கோப்பில் சன்மானத்திற்கு மூன்று வவுச்சர்கள் இருத்தல் வேண்டும். இரண்டுதான் உள்ளன. மூன்றாம் மாதம் அந்த அம்மையார் வகுப்பை நடத்தி முடித்தார். பணத்தை மட்டும் வாங்க மறுத்துவிட்டார்.