ஊவா மலைநீரும் அயல்மீன்களும்

குளிர்நாடுகளிலே நியூட் என்றொரு சிற்றுயிர் உண்டு. தோற்றத்தில் பல்லியை ஒத்ததாயினும் அது தவளையின் உறவேயாம். அதனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர், வேறோர் உயிரை உடன்விடுமுன் மூன்று வினாக்களை எழுப்புவர். புதிதாய் வருவது குளிர்நீரில் வாழுமா? வருவதன் வாய்க்கு உள்ளிருப்பது இரையாகுமா? நியூட்டின் தோலிலுள்ள நஞ்சு வருவதைக் கொல்லுமா? இவற்றை ஆராய்ந்த பின்னர், தன்னினத்தையன்றிப் பிற துணை வேண்டா என்றே பலர் முடிவு செய்கின்றனர்.

இலங்கையில் இயற்கையாக நியூட் இல்லை. எனினும், இவ்வினாக்களைக் கேட்டிருக்க வேண்டிய நீர்நிலைகள் நம் மலைநாட்டிலே பல உள. அவற்றின் வரலாற்றையே இன்று சிறிது நோக்குவோம்.

பதுளை மாவட்டத்து ஓஹியாவிலிருந்து மேலேறினால் ஹோர்ட்டன் சமவெளியை அடையலாம். ஊவாவின் விளிம்பில், ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் அமைந்த புல்வெளி அது. அங்குள்ள ஓடைகளில் இன்று காணப்படும் மீன்கள் அனைத்தும் வெளியிலிருந்து கொணரப்பட்டவை. அவை வருமுன் அந்நீர் வெறுமையாய்க் கிடந்ததோ எனின், அன்று. உலகில் வேறெங்கும் காணப்பெறாத சிறு இறாலொன்று அங்கு வாழ்ந்தது. நன்னீர் நண்டுகளும் தவளையின் தலைப்பிரட்டைகளும் உடனிருந்தன. மீனின் வாய்க்கு அஞ்சி வாழும் வழக்கத்தை அவை அறிந்திலை.

1869ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பிப் பயிரை அழிக்கத் தொடங்கியது. அதன் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. காடுகள் வீழ்ந்தன, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பால் அப்புத்தளை முதல் பதுளை வரை தோட்டங்கள் பரந்தன. அக்காலத்து ஆங்கிலத் துரைமார் தம் தாயகத்து ஓடைகளில் தூண்டிலிட்டு மகிழ்ந்த நினைவை மறந்தாரில்லை. 1882ஆம் ஆண்டில் ட்ரவுட் மீனின் முட்டைகள் கப்பலேறி வந்தன. வட அமெரிக்காவுக்குரிய வானவில் ட்ரவுட் பின்னர் வந்து, ஹோர்ட்டன் சமவெளியில் நிலைபெற்றது. “இந்நீர் மீனுக்குப் போதிய குளிருடையதா?” என்ற முதல் வினாவை அவர்கள் நன்கு ஆராய்ந்தனர். “இம்மீனின் வாய்க்கு இங்குள்ள எவை இரையாகும்?” என்ற இரண்டாம் வினாவையோ எழுப்பினாரில்லை.

அடுத்து வந்த மீன்களின் நோக்கம் வேறு. 1915ஆம் ஆண்டில் கெண்டையினத்து அயல்மீன் வந்தது. நுளம்பின் புழுக்களைத் தின்னும் என்று கருதிக் கப்பி மீன் நீர்நிலைகளில் விடப்பட்டது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாவால் பல்லாயிரவர் மாண்ட நாட்டில் அந்நோக்கத்தை எவர் பழிப்பர்? 1952ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் திலாப்பியா வந்தது. கீழூவாவின் குளங்களிலும் அது பெருகி, ஏழையின் கறிச்சட்டிக்கு மலிவான மீனாயிற்று. ஆகவே அயலவை அனைத்தும் தீயவை என்று கூறுதல் நீதியன்று. நன்மையை எண்ணிப் பார்த்தவர்கள் இழப்பையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பதே நாம் கூறுவது.

இழப்பு எத்தகையது? ஹோர்ட்டன் சமவெளி இறால் இன்று அழியும் ஆபத்திலுள்ள உயிராக எண்ணப்படுகின்றது. அதற்குள்ள இடர்களுள் ட்ரவுட்டும் ஒன்று. இலங்கைத் தவளைகளுள் ஏறத்தாழ 20 இனங்கள் மறைந்தொழிந்தன என்பது அறிஞர் கணிப்பு. ஆயினும் அப்பழி முழுவதையும் மீனின்மேல் ஏற்றலாகாது. காடழிந்ததே அதற்குத் தலையாய காரணம். 1988ஆம் ஆண்டில் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவாயிற்று. எனினும், ஓடையிற் பரவிய மீனை வேலியிட்டு வெளியேற்றுதல் இயலாது.

இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. அன்று தோட்டத் துரைமார் செய்ததை இன்று வீட்டுத் தொட்டி வைத்திருப்போர் எவரும் அறியாது செய்துவிடக்கூடும். தொட்டியின் பாசியைத் தின்னவென விற்கப்படும் அயல்நாட்டு மீன் இலங்கையின் ஆறுகளிலே முன்னரே புகுந்துவிட்டது. நியூட்டின் இனத்தையே கொல்லும் பூஞ்சண நோயொன்று 2013ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் இனங்காணப்பட்டது. அது பரவுதற்கு வளர்ப்புயிர் வாணிபமும் வழியாயிற்று என்பர். ஆதலின், வளர்க்க இயலாத மீனை ஓடையில் விடாதீர். தொட்டி நீரை, லயத்துப் பீலிக்கு நீர்தரும் ஊற்றின் அருகே ஊற்றாதீர். இயலாதபோது, வளர்க்க வல்ல மற்றொருவரிடம் அதனை ஒப்படைப்பதே முறை.