பாவமன்னிப்புச் சீட்டும் ஒரு கள்ளக் கையெழுத்தும்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு மர்மம். ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் திடீரென்று நல்ல பிள்ளையாகிவிட்டான். கேட்காமலே தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைக்கிறான். செருப்புகளை அடுக்குகிறான். தங்கைக்கு டிவி ரிமோட்டை விட்டுக்கொடுக்கிறான் (உலக அதிசயம்!). ஆனால் என் மொபைல் அடித்தால் மட்டும் முகம் வெளுத்துவிடும்.

பத்து நாள் கழித்துத் தங்கமணிதான் கண்டுபிடித்தார். கணக்குப் பரீட்சை பேப்பரில் என் கையெழுத்தைப் பையனே போட்டுக் கொடுத்திருக்கிறான். ஸ்கூலிலிருந்து எப்போது போன் வருமோ என்று பத்து நாளாகப் பயந்து செத்திருக்கிறான்.

நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அன்று ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோது ஞாபகத்துக்கு வந்த ஒரு ஆளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

மார்ட்டின் லூதர். ஸ்கூல் சரித்திரப் புத்தகத்தில் அரைப் பக்கம் வருவார். 'பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்தார், 1517' என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருப்போம். ஒரு சீட்டுக்காக ஏன் அந்த மனுஷனுக்கு அவ்வளவு கோபம் வந்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவரே வருஷக்கணக்காகப் பயந்து பயந்து வாழ்ந்தவர். அந்த அரைப் பக்கத்தில் விட்டுப்போனது அதுதான்.

1483-ல் ஜெர்மனியில் ஐஸ்லேபன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஹான்ஸ் செம்புச் சுரங்கத் தொழிலில் முன்னுக்கு வந்தவர். பையனை வக்கீலாக்கிப் பார்க்கவேண்டும் என்பது அவர் கனவு (நமக்கெல்லாம் இது புதுசா என்ன!). வீட்டில் கண்டிப்பு ஜாஸ்தி. ஒரே ஒரு கொட்டையை எடுத்துவிட்டதற்காக அம்மா ரத்தம் வரும்வரை அடித்ததை, வயதான பிறகும் லூதர் மறக்காமல் சொல்லியிருக்கிறார்.

1505 ஜூலை 2. சட்டப் படிப்பில் சேர்ந்திருந்த 21 வயது லூதர் எர்ஃபுர்ட் நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஸ்டாட்டர்ன்ஹைம் கிராமத்துக்குப் பக்கத்தில் பெரும் மழை, பக்கத்திலேயே இடி. சுரங்கத் தொழிலாளிகள் துணைக்குக் கூப்பிடும் புனித அன்னாளைக் கூப்பிட்டு, பிழைத்தால் துறவியாகிறேன் என்று நேர்ந்துகொண்டார். பதினைந்தே நாளில் அகஸ்டீனியன் மடத்துக் கதவைத் தட்டிவிட்டார். அப்பாவுக்குக் கடுங்கோபம்.

லூதர் பயந்தது சாவுக்கு மட்டும் இல்லை. செத்த பிறகு கடவுள் முன்னால் போய் நிற்கவேண்டுமே என்பதற்கு. மடத்துக்குள் போனால் அந்தப் பயம் தீரும் என்று நினைத்தார். நடந்தது நேர்மாறு. நோன்பு இருந்தார், குளிரில் கிடந்தார், ராத்திரியெல்லாம் ஜெபம் செய்தார். பாவசங்கீர்த்தனம் (நம்மூர் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெரியவர்கள் சொல்லும் சொல்) செய்ய உட்கார்ந்தால் ஒரு தடவை ஆறு மணி நேரம் ஆனதாம்! எழுந்து வந்ததும் இன்னொரு சந்தேகம்: ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டோமோ? 1507-ல் முதல் பூசை வைத்தபோது பீடத்தை விட்டு ஓடிவிடலாமா என்றிருந்ததாம்.

குற்ற உணர்ச்சி செய்கிற வேலையைப் பாருங்கள். அது ஒரு கந்துவட்டிக் கடன். கட்டக் கட்ட ஏறும். எதிரில் இருப்பவர் அப்பாவாகத் தெரியமாட்டார், கடன்காரராகத்தான் தெரிவார். தான் கடவுளை நேசிக்கவில்லை, வெறுத்தேன் என்று லூதரே பிற்காலத்தில், 1545-ல், எழுதிவிட்டார். ஒரு துறவி இப்படி எழுதுவது லேசான விஷயமா?

அவரை அந்தக் குழியிலிருந்து தூக்கியதில் மேலதிகாரி ஸ்டாவ்பிட்ஸுக்குப் பெரிய பங்கு. மனம் வருந்துவது கடைசியில் கடவுளின் அன்பில் போய் முடிவதில்லை, அன்பிலிருந்துதான் அது தொடங்குகிறது என்று அவர் சொன்னது லூதருக்குள் தைத்துவிட்டது. 1512-ல் விட்டன்பர்க்கில் பேராசிரியரானார். 1515, 1516-ல் ரோமர் நிருபத்தைப் பாடம் நடத்தினார். அதில் வரும் 'தேவநீதி' என்ற சொல்லைப் பார்த்தாலே அவருக்கு நடுக்கம். மனுஷனைத் தண்டிக்கும் நீதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். அது மனுஷனுக்குச் சும்மா கொடுக்கப்படும் நீதி என்று மெல்ல மெல்லப் புரிந்தது. சொர்க்கத்தின் கதவு திறந்து உள்ளே போனதுபோல் இருந்தது என்கிறார்.

இன்னொரு சொல்லும் உதவியது. லத்தீன் பைபிளில் 'பரிகாரம் செய்' என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளும்படி இருந்த இடத்தில், மூலமான கிரேக்கத்தில் 'மெட்டனோயியா' என்று இருக்கிறது. மனம் மாறுவது என்று பொருள். 1516-ல் இராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட பிறகு இது பலருக்கும் தெரியவந்தது. நம் தமிழ் பைபிளில் அந்த இடத்தில் என்ன சொல் தெரியுமா? மனந்திரும்புதல்! லூதர் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த அர்த்தம் நம் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இப்போது சீட்டு விவகாரத்துக்கு வருவோம். மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் பதவிக்காக ஃபுக்கர் வட்டிக்கடையில் பெரும் கடன் வாங்கியிருந்தார். சீட்டு விற்ற பணத்தில் பாதி அந்தக் கடனுக்கு, பாதி ரோமில் புனித பேதுரு ஆலயம் கட்ட. அரசருக்கு 25 பொற்காசு, சின்னக் கைத்தொழில்காரருக்கு 1 என்று அந்தஸ்துக்கு ஏற்ற விலை. சபையின் போதனைப்படி சீட்டு பாவத்தைப் போக்காது, பாவத்துக்கான தண்டனையை மட்டுமே குறைக்கும். இந்த நுணுக்கமெல்லாம் செத்துப்போன அம்மா நெருப்பில் வேகிறாள் என்று பயந்த ஏழைக்கு எங்கே புரியப்போகிறது? பயத்துக்கு விலைப்பட்டியல் போட்டுவிட்டார்கள்! பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பயத்தில் வெந்தவருக்குக் கோபம் வராதா? 1517 அக்டோபர் 31 அன்று 95 வாதங்களை ஆல்பிரெக்டுக்கே அனுப்பினார்.

எனக்கு மிகவும் பிடித்த தகவல் ஒன்று உண்டு. அவர் குடும்பப் பெயர் 'லூடர்'. 1517-ன் கடைசியில் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் 'எலூத்தேரியஸ்' என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார். கிரேக்கத்தில் 'விடுதலை பெற்றவன்'. அதன் சாயலில்தான் லூடர், லூதர் ஆனார். 1520-ல் கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றி ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். மன்னிக்கப்பட்டவன் யாருக்கும் அடிமை இல்லை, அதே சமயம் அன்பினால் எல்லாருக்கும் வேலைக்காரன் என்பது அதன் சாரம். பயந்து செய்த அதே நல்ல காரியங்களை இனி பயமில்லாமல் செய்யலாம். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுவே எல்லாம்.

அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் முடியாது. 1525-ல் கிளர்ச்சி செய்த விவசாயிகளை வெட்டிச் சாய்க்கச் சொல்லி எழுதினார். 1543-ல் யூதர்களுக்கு எதிராக அவர் எழுதியது படிக்கக் கூசும். தனக்குக் கிடைத்ததை அடுத்தவனுக்குக் கொடுக்க மறந்தால் விடுதலை பெற்றவனும் பயமுறுத்துகிறவனாகிவிடுவான்.

1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது லூதரின் இந்தப் போதனையும் கூடவே வந்தது. சீட்டுச் சண்டையில் பிரிந்த இரு தரப்பும், கடவுள் மனுஷனை ஏற்றுக்கொள்வது அவர் அருளால்தான் என்ற அடிப்படையில் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டன. கிட்டத்தட்ட 500 வருஷம் ஆகியிருக்கிறது!

சரி, எங்கள் வீட்டுக் கையெழுத்து? காலையில் அவனைக் கூப்பிட்டு, "எனக்குத் தெரியும்டா, அப்பாவுக்குக் கோபமில்லை" என்றேன். அப்புறம்தான் அழுதான். பத்து நாளாக அழவில்லை. ஸ்கூலுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போய் டீச்சரிடம் உண்மையைச் சொன்னோம். அவர்கள் கொடுத்த தண்டனையை அவன் செய்தான். மன்னிப்பு என்றால் அதெல்லாம் இல்லாமல் போய்விடாதே.

தண்ணீர் பாட்டில் நிரப்புவது அடுத்த நாளே நின்றுவிட்டது. ரிமோட் சண்டை மறுபடி ஆரம்பம். ஆனால் அன்று சாயந்திரம் என் மொபைல் அடித்தபோது, ஓடிவந்து எடுத்துக் கொடுத்தது அவன்தான்.